தோற்கத் தெரிந்த புலி

மூணு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு கேட்ட நல்ல உள்ளங்களுக்கு (ரெண்டு பேர்தான், அதுல ஒருத்தர் என் சித்தி பையன்) பதில்: புலி வளர்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமா. 3 புலி, கூடவே 15 ஆடு. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள :-)

விஷயம் இதுதான். நான் நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரத்தில் முதுகலை கடைசி வருஷம் படிக்கிறேன். கூடப் படிக்கிற போலந்துக்காரன் ஒருத்தனும் நானும் சேர்ந்து நம்ம ஆடுபுலி ஆட்டத்தை ஒரு சின்ன கேமாகச் செய்துகொண்டிருக்கிறோம். கம்பெனி கிடையாது, முதலீடு கிடையாது. ரெண்டு லேப்டாப், கோடோ என்கிற இலவச எஞ்சின், அவ்வளவுதான். படம் வரைவது, சத்தம் சேர்ப்பது அவன் வேலை. எதிராளி என் வேலை. நீங்க ஆடு வச்சு ஆடினா எதிரே புலியா நிக்கணும், புலியா ஆடினா எதிரே மந்தையா நிக்கணும். அந்தக் கம்ப்யூட்டர் ஆளைச் செய்து தருவது என் பொறுப்பு.

இப்பல்லாம் ஏஐன்னு சொன்னாலே எல்லாருக்கும் சாட்ஜிபிடிதான் ஞாபகம் வருது. நான் சொல்றது அது இல்லை. கேம் உலகத்தில் அந்த வார்த்தை ரொம்பப் பழசு. எதிர்ப்பக்கம் காய் நகர்த்துற கோடுக்கே ஏஐன்னுதான் பேரு. சில நூறு வரி இருக்கும். சம்பளம் வாங்காது, சண்டை போடாது.

ஆனா எங்க கேமுக்கு அதுதான் உயிர். ஆடுபுலி தெரிஞ்ச ஆள் பக்கத்து வீட்டில் கிடைக்காத ஊரில் இருக்கிறவர்கள்தான் இதை வாங்கப் போறாங்க. அதாவது நீங்களும் நானும். எதிரே உட்கார ஆள் இருந்தா தரையில சாக்பீஸால கோடு போட்டு, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வச்சு ஆடிட்டுப் போயிடலாமே, எங்களுக்கு எதுக்குக் காசு? எங்ககிட்ட இருக்கிற ஒரே சரக்கு, எதிரே உட்கார்ற அந்த ஆள்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமா: முக்கோணப் பலகை, 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொண்ணா ஆட்டை இறக்குவார். எல்லா ஆடும் இறங்கின பிறகுதான் ஆடு நகர முடியும். பக்கத்துல ஆடு நின்னு அதுக்கு அந்தாண்ட புள்ளி காலியா இருந்தா, புலி தாண்டி வெட்டிடும். போதுமான ஆட்டை வெட்டிட்டா புலி ஜெயிச்சுது. மூணு புலியும் நகர முடியாம அடைபட்டா ஆடு ஜெயிச்சுது. கோயில் மண்டபத் தரைக்கல்லுல இந்தக் கோலம் செதுக்கியிருக்கிறதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க.

பலம் ஒரு பிரச்சினையே இல்லை

"கம்ப்யூட்டரை நல்லா ஆட வைக்கிறது கஷ்டமாச்சே"ன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. 23 புள்ளியில் 3 புலி நிற்க 1,771 வழி. மீதி 20 புள்ளியில் 15 ஆடு நிற்க 15,504 வழி. பெருக்கினா, எல்லா ஆடும் இறங்கி ஒண்ணுகூட வெட்டுப்படாத நிலைகள் மொத்தம் 2 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். நமக்கு மலைப்பா இருக்கும். லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

செஸ்ஸில் 1997-லேயே டீப் புளூ காஸ்பரோவை ஜெயிச்சாச்சு. கோ ஆட்டத்தில் 2016-ல் ஆல்பாகோ, லீ செடாலை 4-1 என்று ஜெயிச்சாச்சு. நம்ம ஆடுபுலிக்கு நேபாளத்தில் ஒரு சொந்தக்காரன் உண்டு, பாக்சால்னு பேரு. அங்க 4 புலி, 20 ஆடு. லிம் இயூ ஜின், யுர்க் நீவெர்கெல்ட் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2000-களிலேயே அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிழிஞ்சு, ரெண்டு பக்கமும் பிழையில்லாம ஆடினா டிராதான்னு நிரூபிச்சுட்டாங்க.

அதனால முதல் புலியை வேணும்னே முழு பலத்தோட எழுதினோம். மத்த புலிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேணுமில்லையா? 'நான் இங்க போனா நீ அங்க போவ, அப்ப நான் இன்னொரு இடம் போவேன்'னு பல நகர்த்தல் முன்னாடியே பார்த்து ஆடும் சாதாரண மினிமேக்ஸ் முறைதான். எங்க விடுதியின் பொதுச் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்து வச்சு, வர்றவன் போறவனையெல்லாம் பிடிச்சு ஆடச் சொன்னோம். ரெண்டு ஆட்டம் ஆடுவாங்க, "நல்லா இருக்கு"ன்னு மரியாதைக்குச் சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. கீழ்த்தளத்து மதுரைக்கார அண்ணன் மட்டும்தான் உள்ளதைச் சொன்னார்: "தம்பி, இது விளையாடுற மாதிரியே இல்லப்பா. மாசாமாசம் வட்டி கட்டுற மாதிரி இருக்கு."

அந்த ஒரு வரியை அச்செடுத்து மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்.

சிவிலைசேஷன் 3, 4 கேம்களுக்கு ஏஐ எழுதிய சோரன் ஜான்சன் 2008-ல் கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் இதையேதான் பேசினார். நல்ல ஏஐ வேற, ஜாலியான ஏஐ வேற. ஒண்ணு ஜெயிக்கிறதுக்காக ஆடும், இன்னொண்ணு எதிரே இருக்கிறவர் நல்லா ஆடறதுக்காக ஆடும். செஸ் மாதிரி விளையாட்டுக்கு முதல் வகை சரி. கதை, மனுஷங்க, ராஜதந்திரம்னு இருக்கிற கேமுக்கு ரெண்டாவது வகைதான் சரிப்படும் என்பது அவர் வாதம். நான் ஒரு படி மேல போய்ச் சொல்றேன்: ஒரு எதிராளி இயல்பா தெரியறதுக்குக் காரணம், அது ஏன் அப்படி நகர்ந்ததுன்னு நமக்கு ஒரு காரணம் தோணுறதுதான். பலமெல்லாம் அப்புறம்.

நாமளே மனசு வச்சுக் குடுத்துடறோம்

பேக்மேன், 1980. நாலு பேய். எல்லாம் ஒரே மாதிரி துரத்தினா போரடிக்கும்னு நாலுக்கும் நாலு விதி. சிவப்பு நேரா உங்களைத் துரத்தும். பிங்க் நீங்க போற திசையில் நாலு கட்டம் முன்னாடி குறி வைக்கும். நீலம், சிவப்பு எங்க இருக்குங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு உங்களை நோக்கி வரும், எட்டு கட்டத்துக்குள்ள வந்ததும் பயந்து தன் மூலைக்கு ஓடிடும். ஒவ்வொண்ணும் ஒரு வரி விதி. ஆனா ஆடறவனைக் கேட்டுப் பாருங்க: "சிவப்பு மூர்க்கன், பிங்க் மறைஞ்சு மடக்கும், ஆரஞ்சு ஒரு கோழை." விதி ஒரு வரிதான், மிச்ச மனசை நாமதான் வச்சுக் குடுக்கறோம்.

இதுக்கு உச்சபட்ச உதாரணம் டீப் புளூவே. 1997 போட்டியின் முதல் ஆட்டத்தில், 44-வது நகர்த்தலில், அது சம்பந்தமே இல்லாத ஒரு யானை நகர்த்தலைச் செய்தது. அந்த ஆட்டத்தில் காஸ்பரோவ்தான் ஜெயிச்சார். ஆனா 'இவ்வளவு தூரம் முன்னாடி யோசிச்சா இப்படி ஆடுச்சு?'ன்னு அவர் தரப்பு மண்டையைப் பிச்சுக்கிட்டதாம். அது ஒரு பிழை, எதை ஆடுறதுன்னு தெரியாம எதையோ ஒண்ணை ஆடிட்டதுன்னு டீப் புளூ குழுவில் இருந்த மர்ரே கேம்ப்பெல் பிற்பாடு சொன்னார். 2012-ல் வந்த நேட் சில்வர் புத்தகத்தில் இது இருக்கு. உலக சாம்பியனுக்கே ஒரு பிழைக்குப் பின்னாடி பேரறிவு தெரிஞ்சிருக்கு, நாமெல்லாம் எம்மாத்திரம்!

நம்ம காந்தி கதையும் இதே ரகம்தான். சிவிலைசேஷன் முதல் கேமில் (1991) காந்திக்கு ஆக்ரோஷ எண் 1, ஜனநாயகம் வந்ததும் அதிலிருந்து 2 கழிஞ்சு, எண் தலைகீழாகி 255 ஆகிவிட்டது, அதனால்தான் மகாத்மா அணுகுண்டு போடுறார் என்று இணையம் முழுக்க ஒரு கதை. சிட் மெயர் 2020-ல் எழுதிய தன் நினைவுக் குறிப்பில் 'அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை' என்று போட்டு உடைச்சார். 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் காந்திக்கு அணுகுண்டு ஆசையைக் கூட்டி வச்சது மட்டும் நிஜம், அதுவும் வேணும்னே செய்த கிண்டல். இல்லாத ஒரு பிழையை நம்பி இத்தனை பேர் இத்தனை வருஷம் ஒரு குணச்சித்திரத்தை ரசிச்சிருக்காங்க. எதிராளிக்கு ஒரு குணம் இருக்குன்னு நம்ப, விளையாடறவங்க அவ்வளவு தயாரா இருக்காங்க.

ரெண்டு பேர் கொண்ட எங்க 'ஸ்டூடியோ'வுக்கு இது நல்ல செய்தி. பெரிய மூளை கட்ட வேண்டாம். காரணம் தெரியற மாதிரி ஒரு சின்ன மூளை போதும்.

புலி தலையைத் திருப்பும்

காரணம் தெரியணும்னா முதல் வழி, நேரடியா காட்டிடறது. 2018-ல் வந்த இன்டு தி பிரீச் கேமைப் பாருங்க. ரெண்டு பேர் ஆரம்பிச்ச சப்செட் கேம்ஸ் செய்தது. 8-க்கு 8 கட்டம்தான் களம். ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எங்க அடிக்கப் போகுதுன்னு முன்கூட்டியே திரையில் காட்டிடும். ரகசியமே கிடையாது. நம்ம வேலை அந்த அடியை வேற பக்கம் திருப்பி விடறது. சீட்டாட்ட கேமான ஸ்லே தி ஸ்பையரிலும் (முழு வெளியீடு 2019) அப்படித்தான், எதிரி தலைக்கு மேல அடுத்து என்ன செய்யப் போறான்னு படம் போட்டிருக்கும்.

இதையே அப்படியே எடுத்தா ஆடுபுலி கெட்டுடும். புலி அடுத்து எங்க போகும்னு யூகிக்கறதுதான் ஆட்டுக்காரன் பொழப்பே. அதனால பாதி காட்டறோம். எங்க புலி எந்த ஆட்டு மேல கண்ணு வச்சிருக்கோ, அந்தப் பக்கம் லேசா தலையைத் திருப்பும். நகரணும்னு கட்டாயம் இல்லை, பார்க்கும், அவ்வளவுதான். கோடில் பார்த்தா, மதிப்பெண் அதிகம் வாங்கின ஆடு எந்தத் திசையிலோ அந்தத் திசைக்குக் கழுத்து. 12 வரி. ஆனா இதைச் சேர்த்த அன்னைக்குத்தான் சமையலறையில் முதல் தடவையா ஒருத்தி திரையைப் பார்த்து "ஏய், என்ன முறைக்கற?"ன்னு புலிகிட்ட பேசினா.

இதே மாதிரி இன்னொண்ணு, யோசிக்கிற நேரம். கணக்கு நொடியில முடிஞ்சுடும். நாம அஞ்சு நிமிஷம் தலையைச் சொறிஞ்சு ஒரு ஆட்டை வச்சா, பட்டுன்னு அது பதில் நகர்த்தும். அது நம்மை மதிக்கலைன்னு தோணும். அதனால் எங்க புலி கொஞ்சம் நிதானிக்கும். ஒரே வழிதான் இருக்குன்னா உடனே போகும். ரெண்டு மூணு வழி கிட்டத்தட்ட சமமா இருந்தா கூடுதல் நேரம் எடுத்துக்கும். தயங்குற இடத்துல தயங்கினா அதுவே ஒரு குணம்.

மனுஷன் மாதிரி தப்பு பண்றது எப்படி

பலத்தைக் குறைக்க எல்லாரும் செய்யற சுலப வழி: பத்துல மூணு தடவை கண்ணை மூடிக்கிட்டு எதையோ ஒண்ணை நகர்த்து. 'ஈஸி லெவல்' ரெடி. ஆனா ஆடறவனுக்கு உடனே தெரிஞ்சுடும். ஏழு தடவை கிராண்ட்மாஸ்டர், மூணு தடவை தூக்கத்துல நடக்கிறவன். இப்படி ஒரு மனுஷனை யாரும் பார்த்ததில்லை. மனுஷத் தப்புக்கு ஒரு வடிவம் உண்டு. நாம தூரத்துல இருக்கிறதைக் கவனிக்கத் தவறுவோம், பேராசையில விழுவோம், பிடிச்ச திட்டத்தை விடாம தொங்குவோம்.

இதுக்கு நல்ல பாடம் பேட்டில் ஃபார் வெஸ்னாத். டேவிட் ஒயிட் 2003-ல் ஆரம்பிச்ச திறமூல வியூக கேம், கோடு முழுக்க யாரும் படிக்கலாம். அதன் ஏஐ ஒவ்வொரு தடவையும் 'சண்டை போடலாமா, கிராமம் பிடிக்கலாமா, பின்வாங்கலாமா'ன்னு வேலைகளுக்கு மதிப்பெண் போட்டு, அதிக மதிப்பெண் வாங்கினதைச் செய்யும், பிறகு மறுபடி மதிப்பெண் போடும். அதுக்கு நடுவுல ஆக்ரோஷம்னு ஒரே ஒரு எண். அது 1 என்றால் தன் பக்கம் எத்தனை செத்தாலும் கவலைப்படாது. 0 என்றால் தன் இழப்பையும் எதிரி இழப்பையும் சமமாப் பார்க்கும். சாதாரணமா 0.4 இருக்கும். தலைவனுக்கு மட்டும் -4, அதாவது உயிர் மேல அவ்வளவு பயம். ஒரே கோடு, எண்ணை மட்டும் மாத்தினா ஒருத்தன் வெறியன், ஒருத்தன் பயந்தாங்கொள்ளி.

2009-ல் வந்த ஏஐ வார் கேமைச் செய்த கிறிஸ் பார்க் இன்னொரு நல்ல வழி எழுதியிருந்தார். கிடைச்சதுலயே சிறந்ததை மட்டும் எடுக்காதே. மேல இருக்கிற சில நல்ல வழிகளுக்குள்ள ஒண்ணைக் குலுக்கிப் போட்டு எடு. மோசமான நகர்த்தல் வராது, அதே சமயம் இவன் இப்படித்தான் ஆடுவான்னு மனப்பாடமும் பண்ண முடியாது.

இதெல்லாம் கலந்து நாங்க செய்தது: மூணு புலிக்கும் மூணு குணம். ஒண்ணு பேராசைக்காரன், வெட்டறதுக்கு ஆடு கிடைச்சா பின்விளைவு பார்க்காது. ஒண்ணு காவல்காரன், உச்சிப் புள்ளியை விட்டு நகர மனசே வராது. மூணாவது கிட்டப்பார்வை, தன்னிலிருந்து ரெண்டு புள்ளிக்கு அந்தாண்ட இருக்கிற ஆடு அதுக்குக் கண்ணுலயே படாது. மூணையும் ஏமாத்தலாம், ஆனா மூணுக்கும் மூணு விதமா. பேராசைக்காரனுக்கு ஒரு ஆட்டைக் காட்டி மூலைக்கு இழுக்கணும். கிட்டப்பார்வையைத் தூரத்திலிருந்து வளைக்கணும்.

கூடவே ஒரு சின்ன ஒட்டு வேலை. ஒவ்வொரு முறையும் புதுசா மதிப்பெண் போடற கோடு திடீர்னு மனசு மாறும். இப்போ இடப்பக்கம் ஒரு அடி, அடுத்த தடவை வலப்பக்கம் ஒரு அடி, கூண்டுல அடைச்ச புலி மாதிரி அங்கயும் இங்கயும் நடக்கும். அதனால், போன தடவை எந்த ஆட்டைக் குறி வச்சுதோ அதுக்குக் கொஞ்சம் போனஸ் மதிப்பெண். வேற ஒண்ணு ரொம்பவே நல்லா இருந்தால் ஒழிய திட்டத்தை மாத்தாது. பார்க்கிறவங்களுக்கு அது பிடிவாதம் மாதிரித் தெரியும்.

ஆட்டுப் பக்கம் வேற தலைவலி. முழு பலத்தில் ஆடற மந்தை, லாபம்னு பட்டா ஒரு ஆட்டைச் சாதாரணமா பலி குடுக்கும். கணக்கு சரிதான். ஆனா பார்க்கிறவங்களுக்கு முகம் சுளிக்குது. 'ஆடு எங்கயாவது தானா போய்ப் புலி வாயில நிக்குமா?' ஆகவே ஒரு ஆட்டை இழக்கிறதுக்கு அதன் நிஜ மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை வச்சோம். இப்ப மந்தை ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும், ஓரமா ஒதுங்கும். பலம் கொஞ்சம் குறைஞ்சுது. ஆடு ஆடு மாதிரி ஆச்சு.

ஏமாத்தலாமா?

இங்கதான் எனக்கும் போலந்துக்காரனுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு.

கேம் செய்யறவங்க பொய் சொல்றது ரொம்ப சகஜம். சிட் மெயர் 2010-ல் ஒரு பேச்சில் சொன்னார்: மூணுக்கு ஒண்ணுன்னு பலம் தன் பக்கம் இருந்தும் தோத்தா, ஆடறவங்களுக்குக் கோபம் வருது, 'எப்படிங்க தோப்பேன்?'னு கேக்கறாங்க. அதே அளவு பலவீனமா இருந்து ஜெயிச்சா மட்டும் யாரும் புகார் குடுக்கறதில்லை. நம்ம மனக்கணக்கு அப்படி. 2002-லிருந்து ஃபயர் எம்பளம் கேம்களில் ஒரு தந்திரம் வந்தது: ஒரு எண்ணுக்குப் பதில் ரெண்டு எண்ணைக் குலுக்கிச் சராசரி எடுக்கறது. திரையில் 90 சதவீதம்னு போட்டிருந்தா உண்மையில் சுமார் 98. எக்ஸ்காம் 2 (2016) சுலப நிலைகளில், நீங்க குறி தவறினா அடுத்த குறிக்கு ரகசியமா கை குடுக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. சிவிலைசேஷனில் மேல்நிலைக்குப் போகப் போக ஏஐக்குச் சும்மாவே சலுகைகள் கிடைக்கும்.

கூட்டாளி கேட்டது இதுதான்: "மூணு ஆட்டம் வரிசையா தோத்தா, புலியை ரகசியமா கொஞ்சம் மந்தமாக்கிடலாம். அவங்க விட்டுட்டுப் போக மாட்டாங்க. எல்லாரும் செய்யறதுதானே?"

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். திண்ணையில உக்காந்து எனக்கு ஆடுபுலி சொல்லிக் குடுத்தவர். பத்து வயசு வரைக்கும் நான் நிறைய ஜெயிச்சேன். அவர் வேணும்னே விட்டுக் குடுத்தார்தான், ஆனா அதை மறைச்சதே இல்லை. "இன்னைக்கு என் புலிக்கு வயசாயிருச்சு, மெதுவாத்தான் வரும், மடக்கிக்கோ"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுவார். இன்னொரு நாள் "இன்னைக்குப் பசிச்ச புலி, பாத்துக்க"ன்னு சொல்லுவார், அன்னைக்கு ஒரு ஆடு மிஞ்சாது. கிழட்டுப் புலியை ஜெயிச்சது கிழட்டுப் புலியை ஜெயிச்சதாவே இருந்துச்சு. அதனாலதான் பசிச்ச புலியை முதல் தடவை அடைச்ச அன்னைக்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிய முடிஞ்சுது.

ரகசிய உதவியில் ஒரு ஆபத்து இருக்கு. ஒருநாள் அது தெரிய வந்தா, அன்னைக்கு ஆட்டம் மட்டும் கெடாது, அதுவரை ஜெயிச்ச அத்தனை ஆட்டமும் சேர்ந்து கெடும். 'எல்லாம் சும்மா விட்டுக் குடுத்ததா?'ன்னு தோணிடும். குழந்தைகள்கூட இதை மன்னிக்கிறதில்லை.

ஏஐ வார் இந்தச் சிக்கலை ரொம்ப நேர்மையா அவிழ்த்தது. அங்க கம்ப்யூட்டர் உங்களுக்குச் சமமான ஆள்ங்கிற நாடகமே கிடையாது. ஆரம்பத்திலேயே அண்டத்தின் பெரும்பகுதி அதன் கையில். ஆனா அது உங்களைப் பெருசா கண்டுக்காது. நீங்க கிரகங்களைப் பிடிக்கப் பிடிக்க ஒரு எண் ஏறும், அதுக்கேத்த மாதிரி அது உங்க பக்கம் திரும்பும். விதியே வேற வேறன்னு முதல்லயே சொல்லிட்டா அப்புறம் ஏமாத்தறதுங்கிற பேச்சே இல்லை. யோசிச்சுப் பார்த்தா ஆடுபுலியும் அதே ரகம்தானே? 3-க்கு 15. ரெண்டு பக்கமும் சமம்னு அது என்னைக்கும் பாசாங்கு பண்ணினதே இல்லை.

கடைசியில் தாத்தா வழிதான் ஜெயிச்சது. எங்க கேமில் ஈஸி, மீடியம், ஹார்டு கிடையாது. கிழட்டுப் புலி, சாதாரணப் புலி, பசிச்ச புலி. கிழட்டுப் புலி திரையிலேயே நொண்டும், கிட்டப்பார்வை, தலையை மெதுவா திருப்பும். பலவீனம் எதுன்னு பார்த்தாலே தெரியும். மூணு ஆட்டம் தோத்தா, ஒரு கேள்வி வரும்: 'கிழட்டுப் புலியைக் கூப்பிடவா?' வேணும்னா கூப்பிடலாம், வேண்டாம்னா மானத்தோட நாலாவது தடவையும் தோக்கலாம். கூட்டாளி நொண்டி நடையை மூணு நாள் உக்காந்து வரைஞ்சான். பேச்சுவார்த்தையும் திரும்பிடுச்சு :-)

எப்படிச் சோதிக்கிறது?

கேம் ஏஐயைச் சோதிக்கப் பொதுவா 'கஷ்டமா இருந்துச்சா, பிடிச்சுதா'ன்னு கேப்பாங்க. அந்தப் பதில்ல ஒண்ணும் தெரியறதில்லை, முக்கால்வாசி மரியாதைக்குச் சொல்றது. நான் இப்போ ஒரே கேள்விதான் கேக்கறேன். ஆட்டத்தை நடுவுல நிறுத்தி, "அந்தப் புலி ஏன் அங்க போச்சு?"

"தெரியலை"ன்னு சொன்னா என் வேலை இன்னும் முடியலை. "கம்ப்யூட்டர் ஏதோ கணக்குப் போட்டிருக்கும்"னு சொன்னாலும் முடியலை. "அந்த ஓரத்து ஆட்டு மேல அதுக்கு முதல்லேர்ந்தே ஒரு கண்ணு"ன்னு சொன்னா, சரி, எதிரே ஒரு ஆள் உக்காந்தாச்சு. அவங்க சொல்ற காரணம் கோடில் இருக்கிற காரணமா இருக்கணும்னு அவசியம்கூட இல்லை. போன வாரம் ஒருத்தர், காவல்காரப் புலி உச்சியை விட்டு வராததைப் பார்த்துட்டு "அது குட்டியைப் பாதுகாக்குது"ன்னார். எங்க கேமில் குட்டியே கிடையாது. நான் திருத்தவும் இல்லை.

மதுரைக்கார அண்ணன் இப்போ சமையலறைக்கு வந்தா, சாப்பாடு அடுப்புல இருக்கிற நேரத்துல ஒரு ஆட்டம் போடறார். பெரும்பாலும் பசிச்ச புலிகிட்ட தோக்கறார். வட்டின்னு மட்டும் இப்பல்லாம் சொல்றதில்லை, "இந்தப் பேராசைக்காரப் பய"ன்னுதான் திட்டறார். எனக்கு அது போதும்.

இப்போ உங்ககிட்ட ஒரு உதவி. ஊருக்கு ஊர் விதி மாறுது. எத்தனை ஆடு வெட்டினா புலி ஜெயிச்சதா கணக்கு? ஒரே முறையில் அடுத்தடுத்து ரெண்டு ஆட்டைத் தாண்டி வெட்டலாமா கூடாதா? ஆரம்பத்துல மூணு புலியும் எந்தெந்தப் புள்ளியில நிக்கணும்? உங்க ஊர் வழக்கம் எதுவோ அதை ஊர்ப் பேரோட பின்னூட்டத்துல போடுங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா போன் போட்டுக் கேட்டுச் சொன்னா இன்னும் புண்ணியம். வர்ற விதிகளையெல்லாம் கேமில் ஊர் வாரியா தேர்ந்தெடுக்கிற மாதிரி வைக்கப் போறோம்.

பி.கு: 'எனக்கு மட்டும் ஈஸியா ஒரு புலி குடு'ன்னு தனி மடல் போடற சித்தி பையனுக்கு: கிழட்டுப் புலி காத்துக்கிட்டிருக்கு. நொண்டுது பாவம், மெதுவா மடக்கு.